கோள் எனும் சொல்லும் அதன் எல்லையும்

(வாசிகசாலை மண்டபத்தில் நிகழ்ந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)

 

வானத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். வானம் பெரிது, எமக்குத் தரப்பட்ட நேரமோ சிறிது. ஆதலின் வானத்திலுள்ளவற்றை எல்லாம் எண்ணிச் சொல்ல நாம் முற்படப் போவதில்லை. அவற்றைச் சொல்லுதற்கு வேண்டிய சொற்களைப் பற்றி மட்டும் சில கூற விரும்புகின்றோம். இந்த அவையிலே கமக்காரர் இருக்கின்றீர்கள். விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு நீரிறைக்கச் செல்லும் உங்களைவிட வானத்தை நாள்தோறும் பார்ப்பவர் வேறு யாவர்? ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இருக்கின்றீர்கள். ஒரு சொல்லின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என ஆராய்வது உங்கள் தொழிலின் பெரும்பகுதி அன்றோ? வானத்தை அறிந்தவரும் சொல்லை அறிந்தவரும் ஓரிடத்தே கூடியிருக்கும்போது இப்பொருளைப் பேசுதல் பொருத்தமே எனக் கருதுகின்றோம்.

முதலில் நம் ஊர்ப் பேச்சிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது 'வெள்ளி' எனும் சொல். இரவு வானில் மின்னுவது எதுவாயினும் அதனை வெள்ளி என்றே நம் குழந்தைகளுக்குக் காட்டுகின்றோம். அதிகாலையில் கிழக்கே ஒளிர்வது விடிவெள்ளி. வாலோடு தோன்றுவது வால்வெள்ளி. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடு கிழித்து மறைவது எரிவெள்ளி. ஆனால் இவை யாவும் ஓரினத்தன அல்ல. விடிவெள்ளி என்பது 12,104 கிலோமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டை. பருமனிலே நம் பூமிக்கு ஏறக்குறைய இணையானது. தனக்கென ஒளியின்றி ஞாயிற்றின் ஒளியையே தெறிக்கச் செய்வது. வால்வெள்ளியின் கரு சில கிலோமீற்றர் அளவினதாகிய பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. எரிவெள்ளியோ பெரும்பாலும் மணலளவினதாகிய ஒரு துகள், நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் வளிமண்டலத்தினுள் பாய்ந்து எரிவது. இவற்றுக்கு அப்பால் அசையாது மின்னும் எண்ணற்ற வெள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தம் ஒளியால் எரியும் ஒவ்வொரு ஞாயிறு. மணலும் மலையும் உலகமும் ஞாயிறும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன!

இது நம் மக்களின் குறையன்று. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுவதை ஒரே பெயரால் அழைத்தல் எல்லா நாட்டவர்க்கும் இயல்பு. எனினும் பழந்தமிழர் இந்நிலையோடு நின்றுவிடவில்லை. நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் இருவகையாக அவர்கள் பிரித்தமையைச் சங்க நூல்களிலே காண்கின்றோம். தம்முள் இடம் மாறாது நின்று நாளைக் கணிக்க உதவுவன நாண்மீன்கள். அவற்றினிடையே இடம்பெயர்ந்து செல்வன கோண்மீன்கள். கிரேக்கரும் இதே வேறுபாட்டைக் கண்டு, 'அலைவோர்' எனப் பொருள்படும் சொல்லால் கோள்களை அழைத்தனர். அச்சொல்லே இன்று ஐரோப்பிய மொழிகளில் வழங்குகின்றது. கிரகம் எனும் வடசொல்லுக்குப் 'பற்றுவது' என்பது பொருள். கொள் எனும் வினையிலிருந்து பிறந்த கோள் எனும் தமிழ்ச்சொல்லும் அப்பொருளதே. கிரேக்கர் அதன் நடையைப் பார்த்துப் பெயரிட்டனர். நாமோ அது நம்மைப் பற்றும் என்றெண்ணிப் பெயரிட்டோம். ஒரு சொல்லுக்குள்ளே ஒரு காலத்தின் எண்ணம் எவ்வாறு உறைந்து கிடக்கின்றது என்பதைப் பாருங்கள்.

கோயிலிலே ஒன்பது கிரகங்களை வணங்குகின்றோம். வழிபாட்டைப் பற்றிப் பேசுவது இங்கு எம் நோக்கமன்று. அவ்வொன்பதையும் இன்றைய வானியலின் சொற்களால் வகுத்தால் எவ்வாறு அமையும் என்பதை மட்டும் காண்போம். ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் பூமியைச் சுற்றும் ஒரு துணைக்கோள். இராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. திங்களின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதையை வெட்டுகின்ற இரு புள்ளிகள். அமாவாசையோ பூரணையோ அப்புள்ளிகளுக்கு அண்மையில் நிகழ்ந்தாலன்றிக் கிரகணம் உண்டாவதில்லை. ஆகவே இராகு கேதுக்களை வைத்துக் கிரகணத்தைக் கணித்த நம் முன்னோரின் கணக்குச் சரியானதே. எஞ்சிய புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி எனும் ஐந்துமே இன்றைய பொருளிலும் கோள்கள். பூமி அப்பட்டியலிலே இல்லை. காரணம் யாது? பார்த்தவர்கள் நின்ற இடமே பூமியன்றோ! 1543 ஆம் ஆண்டிலே கொப்பர்நிக்கஸ் தம் நூலை வெளியிட்டு, ஞாயிற்றை நடுவில் வைத்த பின்னரே நாம் நிற்கும் நிலமும் கோள்களின் வரிசையிற் சேர்ந்தது.

இனி, ஒரு கோளைப் பற்றிச் சொல்லவேண்டுமாயின் எவற்றைச் சொல்லவேண்டும்? அது செல்லும் வழியைச் சொல்லவேண்டும். அது தன்னைத்தான் சுழலும் முறையைச் சொல்லவேண்டும். அதன் உடலின் அளவையும் திணிவையும் சொல்லவேண்டும்.

வழியை முதலிற் பார்ப்போம். கோள் ஞாயிற்றைச் சுற்றிச் செல்லும் பாதையை நம் பாடநூல்கள் 'ஒழுக்கு' என வழங்கின. தமிழ்நாட்டார் 'சுற்றுப்பாதை' என்பர். அப்பாதை வட்டமன்று, சற்றே நீண்ட நீள்வளையம் என்பதை 1609 இல் கெப்ளர் நிறுவினார். பாதை நீள்வளையமாயின் ஞாயிற்றுக்குக் கிட்டிய இடம் ஒன்றும் எட்டிய இடம் ஒன்றும் உண்டாதல் வேண்டும். கிட்டிய இடத்தை ஞாயிற்றண்மை நிலை என்றும் எட்டிய இடத்தை ஞாயிற்றுச் சேய்மை நிலை என்றும் சொல்வோம். பூமி தை மாதத் தொடக்கத்தை ஒட்டி, அதாவது சனவரி முதல் வாரத்தில், ஞாயிற்றிலிருந்து 14.71 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. யூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கிலோமீற்றர் தூரத்துக்கு விலகிவிடுகின்றது.

இங்கே கமக்காரர் ஒருவர் எழுந்து, "ஞாயிறு கிட்ட இருக்கும் காலத்திலா நமக்குப் பனியும் குளிரும்?" என்று கேட்பாராயின், அது மிக நல்ல கேள்வியாகும். அவருக்கு விடை சொல்ல மற்றுமொரு சொல் வேண்டும். அது 'அச்சுச் சாய்வு'. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கின்றது. சனவரியில் நம் வடபாதி ஞாயிற்றை விட்டுச் சாய்ந்து நிற்பதால் கதிர்கள் சரிந்து விழுகின்றன, பகலும் குறுகுகின்றது. தூரத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. வெயிலின் கடுமையையும் தணிவையும் நமக்குப் பெரிதும் தீர்மானிப்பது சாய்வே. ஆண்டுதோறும் ஏப்ரல் 5 ஆம் திகதிக்கும் 15 ஆம் திகதிக்கும் இடையில் இலங்கையின் தென்முனை தொடங்கி வடமுனை வரை ஞாயிறு உச்சம் கொடுப்பதாக அறிவிக்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். உச்சிப் பொழுதில் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்நாளை முன்கூட்டிச் சொல்ல முடிவது இச்சாய்வின் அளவை அறிந்திருப்பதாலேயே.

அடுத்து, சுற்றுதலும் சுழலுதலும். இவ்விரு சொற்களையும் நம் பேச்சிலே மாறி மாறி வழங்குகின்றோம். வானியலில் அவ்வாறு வழங்கலாகாது. ஞாயிற்றை வலம்வருவது சுற்றுகை. தன் அச்சிலே தான் திரும்புவது சுழற்சி. பூமிக்குச் சுற்றுகை ஓர் ஆண்டு, சுழற்சி ஒரு நாள். விடிவெள்ளிக்கோ சுற்றுகை 225 நாட்கள்; சுழற்சி 243 நாட்கள்; அதுவும் எதிர்த்திசையில்! அங்கே தன்னைத்தான் ஒருமுறை திரும்புமுன் ஆண்டொன்று கழிந்துவிடுகின்றது. வியாழனோ அத்துணைப் பெரிய உடலோடு பத்து மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுகின்றது. இரு சொற்களையும் ஒன்றாக்கி வழங்குபவர்க்கு இவ்வதிசயம் புலப்படவே மாட்டாது.

தூரத்தை அளக்க மைலும் கிலோமீற்றரும் போதா. ஆகவே பூமிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள சராசரித் தூரத்தையே ஓர் அளவுகோலாகக் கொண்டு, அதனை வானியல் அலகு என்றனர். அது ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். ஒளிக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். 2012 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதன் அளவை ஒரு மீற்றரும் மிகாமற் குறையாமல் வரையறுத்துவிட்டது. இக்கோலால் அளந்தால் புதன் 0.39, வெள்ளி 0.72, பூமி 1, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி ஏறக்குறைய 9.5, யுரேனஸ் 19, நெப்தியூன் 30 என அமையும்.

இந்த எண்களைக் கொண்டு நீங்களே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 1619 இல் கெப்ளர் வெளியிட்ட விதி யாதெனின், தூரத்தை வானியல் அலகிலே எடுத்து மும்மடிப் பெருக்கம் செய்து, வந்த தொகைக்கு வர்க்கமூலம் கண்டால், அக்கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றும் ஆண்டுகளின் தொகை கிடைக்கும் என்பதாகும். வியாழனுக்கு 5.2 ஐ மும்மடிப் பெருக்கினால் ஏறத்தாழ 140.6, அதன் வர்க்கமூலம் 11.9. நம் பஞ்சாங்கம் வியாழனுக்கு இராசியொன்றுக்கு ஓராண்டாகப் பன்னிரண்டு இராசிக்கும் பன்னிரண்டு ஆண்டுகள் தருகின்றதல்லவா? சனிக்கு இதே கணக்கைச் செய்யின் இருபத்தொன்பதரை ஆண்டு வரும். பஞ்சாங்கம் இராசிக்கு இரண்டரை ஆண்டாக முப்பது தருகின்றது. கண்ணாற் கண்டு நம் முன்னோர் எண்ணியதும், ஐரோப்பாவிலே கெப்ளர் விதியாக வகுத்ததும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இவர்கள் எண்ணிக்கையைத் தந்தார்கள். அவர் தூரத்துக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பைத் தந்தார்.

பஞ்சாங்கத்தில் வரும் இன்னொரு சொல் 'வக்கிரம்'. செவ்வாய் வக்கிரமடைந்துவிட்டது எனக் கேட்டால் சிலருக்கு உள்ளம் நடுங்குகின்றது. நடப்பது என்ன? நீங்கள் செல்லும் பேருந்து, அதே திசையில் மெதுவாகச் செல்லும் மாட்டுவண்டியை முந்துகின்றது. முந்தும் வேளையில் தூரத்து மரங்களோடு ஒப்பிட்டு நோக்கினால், அவ்வண்டி பின்னோக்கிப் போவதுபோலத் தோன்றும். வண்டிக்காரரோ முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கின்றார். பூமி உள்வழியில் விரைந்து செல்வது; செவ்வாய் வெளிவழியில் மெல்லச் செல்வது. ஏறத்தாழ இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை நாம் செவ்வாயை முந்துகின்றோம். அப்போது காண்பதே வக்கிரம். அச்சொல்லைக் கைவிடவேண்டுவதில்லை. அதற்குப் 'பின்னோக்குத் தோற்றம்' என்பதே பொருள் எனத் தெளிந்தால் அச்சம் தானே அகலும்.

இனி உடலைப் பார்ப்போம். ஒரு கோளில் அடங்கியுள்ள பொருளின் அளவு திணிவு. அப்பொருள் ஈர்ப்பினால் இழுக்கப்படும் விசை நிறை. 60 கிலோ அரிசி மூட்டையைத் திங்களுக்குக் கொண்டுசென்று விற்றராசிலே தூக்கினால் அது 10 கிலோ என்றே காட்டும். ஏனெனில் அங்கே ஈர்ப்பு ஆறிலொன்று. ஆனால் மூட்டையில் ஒரு மணியேனும் குறையவில்லை. அதைச் சமைத்தால் அத்தனை பேரும் உண்ணலாம். குறைந்தது நிறை; குறையாதது திணிவு. வியாழனின் திணிவு பூமியினதைப்போல 318 மடங்கு. சனியோ அளவிற் பெரிதாயினும் அடர்த்தியில் நீரினும் குறைந்தது.

இவ்விடத்தில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலங்கையில் நாம் திணிவு என்பதைத் தமிழ்நாட்டார் நிறை என்கின்றனர். நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்கின்றனர். எனவே நிறை எனும் ஒரே தமிழ்ச்சொல் பாக்குநீரிணையின் இக்கரையில் ஒரு பொருளையும் அக்கரையில் வேறொரு பொருளையும் தருகின்றது. அங்கிருந்து வரும் நல்ல நூலொன்றை வாங்கி வாசிக்கும் நம் மாணவன், சொல்லைத் தெரிந்துகொண்டே பொருளைத் தவறவிடுகின்றான். இதில் எக்கரையார் சரி என வழக்காட நாம் வரவில்லை. நூல் எழுதுவோரும் ஆசிரியரும் இருவழக்கையும் முதற் பக்கத்திலேயே குறித்துவைத்தால் அப்பிள்ளையின் பாதிச் சுமை குறையும்.

அவையோரே, இதுவரை கோள் யாது என்பதை நாமெல்லாம் அறிந்தோம் என வைத்துக்கொண்டு பேசிவந்தோம். உண்மையில் அச்சொல்லுக்கு எழுதப்பட்ட எல்லை 2006 ஆம் ஆண்டு வரை இருந்ததில்லை! அவ்வரலாறு ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

1781 இல் வில்லியம் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டார். 1801 சனவரி முதலாம் நாள், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாசி எனும் துறவி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே செல்லும் ஒரு சிறு ஒளியைக் கண்டார். அதற்குச் சீரிஸ் எனப் பெயரிட்டனர். அது புதுக்கோள் என்று கொண்டாடினர். அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் அதே பகுதியில் பல்லாஸ், யூனோ, வெஸ்ரா எனும் மூன்றும் அகப்பட்டன. அக்காலத்துப் பாடநூல்களிலே கோள்கள் பதினொன்று. 1845 இன் பின்னர் அங்கே மேலும் மேலும் அகப்படத் தொடங்கவே, இவற்றையெல்லாம் கோள் எனல் தகுமோ என்ற ஐயம் எழுந்தது. சிறிது சிறிதாக அவை வேறு வரிசைக்கு மாற்றப்பட்டு, சிறுகோள்கள் எனும் பெயரைப் பெற்றன. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றையெல்லாம் கோள் என்றே வைத்திருந்தால் எந்தப் பிள்ளை அவற்றின் பெயரை ஒப்புவிக்கும்?

1846 இல் நெப்தியூனும், 1930 இல் அமெரிக்காவின் அரிசோனாவிலே டொம்போ எனும் இளைஞரால் புளூட்டோவும் கண்டுபிடிக்கப்பட்டன. டொம்போ கமக்காரக் குடும்பத்திலே வளர்ந்தவர். புளூட்டோவைத் தொடக்கத்தில் பூமியளவு திணிவுடையதென மதித்தனர். 1978 இல் அதன் துணைக்கோளாகிய சாரன் அகப்பட்டது. துணைக்கோளின் தூரத்தையும் அது சுற்றும் காலத்தையும் அறிந்தால் நடுவில் உள்ளதன் திணிவை நிறுத்துவிடலாம். நிறுத்தபோது புளூட்டோவின் திணிவு பூமியினதில் ஏறத்தாழ ஐந்நூற்றிலொன்று எனத் தெரிந்தது. அதன் விட்டம் 2,377 கிலோமீற்றர். நம் திங்களின் விட்டமோ 3,474. 1992 முதல் அதன் அயலிலே வேறு பல பனியுடல்களும் காணப்பட்டன. 2005 இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், புளூட்டோவினும் திணிவு மிக்கதெனக் கணிக்கப்பட்டது. புளூட்டோ கோளாயின் ஏரிசும் கோளாதல் வேண்டும். ஏரிஸ் கோளன்றாயின் புளூட்டோவும் கோளன்று. சொல்லுக்கு எல்லை வகுத்தே ஆகவேண்டிய நாள் வந்துவிட்டது.

2006 ஓகஸ்ட் மாதத்தில் பிராக் நகரிலே சர்வதேச வானியல் ஒன்றியம் கூடியது. முதலில் முன்வைக்கப்பட்ட வரைவின்படி கோள்கள் பன்னிரண்டாகியிருக்கும். அதனைப் பலர் எதிர்த்தனர். நாட்கணக்கில் வாதம் நிகழ்ந்தது. ஈற்றில் 24 ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. ஒன்றியத்தின் பல்லாயிரம் உறுப்பினரில் அன்று வாக்களித்தோர் சில நூற்றுவரே. அவர்கள் வகுத்த நிபந்தனைகள் மூன்று. கோள் ஞாயிற்றைச் சுற்றுதல் வேண்டும்; தன் ஈர்ப்பினாலேயே திரண்டு உருண்டையாகும் அளவு திணிவு கொண்டிருத்தல் வேண்டும்; தன் ஒழுக்கின் அயலைத் தனதாக்கித் துப்புரவு செய்திருத்தல் வேண்டும். முதல் இரண்டையும் நிறைவேற்றி மூன்றாவதில் தவறியவை, துணைக்கோள் அல்லாதவிடத்து, குறுங்கோள்கள் எனப்பட்டன. புளூட்டோ, ஏரிஸ், சீரிஸ், ஹவுமேயா, மக்கேமக்கே எனும் ஐந்தும் இன்று அவ்வரிசையில் உள்ளன. கோள்கள் எட்டாயின.

இச்செய்தி வெளிவந்த காலத்தில் இருவகைக் குரல்களைக் கேட்டோம். "விஞ்ஞானிகள் எழுபத்தாறு ஆண்டு சொன்னதை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள்; இனி அவர்கள் சொல்வதில் எதனை நம்புவது?" என்றது ஒரு குரல். "உண்மையைக் கைதூக்கித் தீர்மானிக்கலாமா?" என்றது மற்றொன்று. இரண்டும் புறக்கணிக்கத்தக்க கேள்விகளல்ல. நாட்டு நடப்பிலே வாக்கெடுப்பின் வலிமையையும் அதன் எல்லையையும் கண்டறிந்த நமக்கு இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது.

இதற்கு எம் விடை இதுதான். பிராக் நகரிலே உண்மை வாக்குக்கு விடப்படவில்லை. புளூட்டோவின் விட்டத்தை வாக்கினால் ஒரு முழமும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதன் திணிவும் ஒழுக்கும் சுழற்சியும் அளந்து கண்டவை. வாக்குக்கு விடப்பட்டது ஒரு சொல்லின் எல்லை. காணி உறுதியிலே நாற்புற எல்லையையும் நொத்தாரிசு திருத்தி எழுதும்போது நிலத்தின் மண் மாறுவதில்லை. வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதே தீர்கின்றது. வேலி எங்கே நிற்கவேண்டும் என்பது மனிதர் கூடித் தீர்க்கும் விடயம். தீர்த்ததை மறுபடியும் கூடி மாற்றவும் இயலும். மண்ணின் தன்மையோ தோண்டிப் பார்த்தே அறியத்தக்கது. 2006 சனவரியில் புளூட்டோவை நோக்கி ஒரு விண்கலம் புறப்பட்டது. புறப்படும்போது அது சென்றது ஒரு கோளை நோக்கி. 2015 யூலை 14 இல் அது கடந்து சென்றதோ ஒரு குறுங்கோளை. ஆனால் அக்கலம் கண்ட நைதரசன் பனிச்சமவெளியும் நீர்ப்பனி மலைகளும் பிராக் நகரத்துத் தீர்மானத்தினால் இம்மியும் அசையவில்லை.

அத்தீர்மானத்தில் குறையே இல்லையென்றும் நாம் கூறவில்லை. 'அயலைத் துப்புரவு செய்தல்' என்பதற்கு அளவு எதுவும் குறிக்கப்படவில்லை எனக் கண்டித்தோர் உளர்; புளூட்டோவுக்குச் சென்ற அவ்விண்கலத்தின் தலைமை விஞ்ஞானியே அவர்களில் ஒருவர். ஞாயிற்றைச் சுற்றுவது மட்டுமே கோள் என்றால், 1995 முதல் பிற விண்மீன்களைச் சுற்றக் காணப்பட்ட ஆயிரக்கணக்கானவற்றை என்னென்பது என்ற கேள்வியும் எழுகின்றது. இக்கண்டனங்களும் அச்சிலேறுகின்றன, மாநாடுகளிலே எழுப்பப்படுகின்றன. சொல்லின் எல்லையை வெளிப்படையாக வகுத்து, வகுத்ததற்குக் காரணம் காட்டி, மறுப்போர்க்கும் இடம் கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை அவ்வெல்லை நம்பத்தக்கதே.

எஞ்சியுள்ள இரு சொற்களைச் சொல்லி முடிப்போம். வால்வெள்ளி வந்தால் அரசனுக்கு ஆபத்து என அஞ்சிய காலம் எல்லா நாட்டிலும் இருந்தது. 1682 இல் தோன்றிய வால்வெள்ளி ஏறத்தாழ எழுபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்வது என்றும், 1758 அளவில் திரும்பும் என்றும் எட்மண்ட் ஹலி கணித்துவைத்து மறைந்தார். அது திரும்பியதை 1758 நத்தார் இரவிலே முதலிற் கண்டவர் எந்த அரண்மனை வானியலாளருமல்லர். சக்சனி நாட்டிலே ட்ரெஸ்டன் நகருக்கு அருகில் வயல் செய்துவந்த பாலிட்ஷ் எனும் கமக்காரர். தாமே கற்று, ஒழுக்கு இன்னதெனவும் மீள்காலம் இன்னதெனவும் அறிந்து, எங்கே நோக்குவதென்று தெரிந்து நோக்கியவர் அவர். அதே வால்வெள்ளி 1910 இலும் 1986 இலும் வந்து சென்றது. மீண்டும் 2061 இல் வரும். இன்று இம்மண்டபத்தில் தாயின் மடியிலிருக்கும் குழந்தைகள் அதனைக் காண்பார்கள்.

மற்றது எரிவெள்ளி. விண்வெளியில் திரியும்போது அது விண்துகள் அல்லது விண்பாறை. வளிமண்டலத்தில் எரியும்போது எரிவெள்ளி. எரிந்து எஞ்சி நிலத்தில் வீழ்ந்தால் விண்கல். 2013 பெப்ரவரி 15 இல் இரசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீற்றர் அளவான ஒரு பாறை வெடித்தது. ஞாயிறெனக் கண்ணைப் பறித்த ஒளியைக் கண்டு பலர் யன்னலண்டை ஓடிச்சென்று பார்த்தனர். ஒளி உடனே வந்துவிடும். அதிர்வலையோ பின்தங்கி வரும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலை யன்னற் கண்ணாடிகளை நொறுக்கியது. காயமுற்றோர் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கண்ணாடியால் வெட்டுண்டவர்கள். அத்தகைய ஒளியைக் கண்டால் யன்னலை விட்டு விலகுக என்ற ஓரடி அறிவு எத்தனை பேரைக் காத்திருக்கும்!

ஆதலின், அன்பர்களே, எம் வேண்டுகோள் சிறியது. பிள்ளைகள் கோள்களின் பெயரை ஒப்புவிப்பதோடு அமைய விடாதீர்கள். கோள் என்றால் என்ன, அதற்கு எல்லை வகுத்தவர் யார், எக்காரணத்தால் வகுத்தனர் என்று கேட்கப் பழக்குங்கள். சுற்றுகையையும் சுழற்சியையும், திணிவையும் நிறையையும் வேறுபிரித்து வழங்குங்கள். வாசிகசாலைகளிலே ஒரு சுவரை ஒதுக்கி, நம் வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் அருகருகே விளங்க இச்சொற்களை எழுதி வையுங்கள். தோட்டத்துக்குச் செல்லும் கமக்காரர் இன்று கிழக்கே ஒளிர்வது வெள்ளியா வியாழனா என ஆராய்ந்து ஒரு கொப்பியிலே திகதியோடு குறித்துவரட்டும். ஓராண்டுக் குறிப்பிருந்தால் கெப்ளரின் விதியை நம் ஊரிலேயே சோதிக்கத் தொடங்கலாம். அதற்கு வேண்டியவை கண்ணும், பொறுமையும், பொருள் தெளிந்த சில சொற்களுமே.